தகுதி, திறமை, கால்பந்து



இந்த இதழுக்குத் தலையங்கம் எதைப் பற்றி என்று ஒரு தோழர் கேட்டார். கால்பந்து என்றேன். சிரித்துவிட்டார். "நாட்டுல எத்தனை கெடக்குது, நீ பந்தப் பத்தி எழுதறயா?" சிரித்ததில் தப்பில்லை. தலையங்கம் என்றால் வன்கொடுமை, நிலம், இடஒதுக்கீடு, தேர்தல் என்றுதான் நமக்குப் பழக்கம். நானும் அப்படித்தான் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் அவர் சிரித்து முடித்ததும் நான் ஒன்று கேட்டேன். "தகுதி தகுதின்னு நம்ம பசங்க மூஞ்சிக்கு நேரா சொல்றாங்களே, அந்தத் தகுதிய அவங்க எங்கயாச்சும் மதிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?" டீ ஆறுகிற வரைக்கும் அவர் பதில் சொல்லவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பார்த்த இடம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியம்.

2019 மார்ச் 9. இரண்டாம் சனிக்கிழமை, எனக்கு பேங்க் லீவு. நல்லூரில் எங்கள் தெருப் பையன்களுக்கு லீவு கிடையாது. திருப்பூரில் சனிக்கிழமை என்றால் சம்பள நாள். சாயங்காலம் கம்பெனியில் நின்று வாரக் கூலியை வாங்கினால்தான் கடைப் பாக்கி, வட்டிக்காரர், சீட்டு எல்லாம் ஓடும். அன்றைக்குக் கட்டிங் மாஸ்டரிடம் திட்டு வாங்கி, அரை ஷிப்டோடு நாலு பேர் இறங்கி வந்தார்கள். ஒருத்தன் ஓவர்லாக், இரண்டு பேர் கட்டிங், ஒரு சின்னப் பையன் கைமடி. "கூலிய அம்மாகிட்டக் குடுத்தனுப்பச் சொல்லிட்டேன்ண்ணா, வாங்க போலாம்." அவிநாசி வழி பஸ்ஸில் நின்றுகொண்டே காந்திபுரம். அங்கிருந்து ஸ்டேடியம்.

சென்னை சிட்டி என்று பெயர், ஆனால் அந்த ஆண்டு அவர்கள் ஊர் கோயமுத்தூர்தான். அகில இந்திய ஐ-லீக் போட்டியின் கடைசி ஆட்டம். எதிரே பஞ்சாபின் மினர்வா, முந்தைய ஆண்டுச் சாம்பியன். ஜெயித்தால் கோப்பை. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு நூற்றாண்டை எட்டிக்கொண்டிருந்த கொல்கத்தா கிளப். நாம் தடுக்கினால் கோப்பை அவர்களுக்கு. மினர்வா தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. கைமடிப் பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டி அடித்தார். பிறகு கௌரவ் போரா. பிறகு மறுபடியும் கௌரவ் போரா. 3-1. இருபது ஆட்டத்தில் 43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42.

அன்றைக்கு நாங்கள் கத்திய கத்தலுக்குத் திங்கட்கிழமை கவுன்டரில் எனக்குக் குரலே இல்லை.

அந்த அணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். கையில் பெரிய பணமில்லை. ஸ்பெயினிலிருந்து இங்கே யாருக்கும் பெயர் தெரியாத சில ஆட்டக்காரர்கள், அவர்களோடு நம் ஊர்ப் பையன்கள்: எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், சார்லஸ் ஆனந்தராஜ். அதற்கு முந்தைய பருவத்தில் குமரிமாவட்டக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் இதே கிளப்பில் ஆடித்தான் மேலே போனார். பந்தை மேலே தூக்கிக் கடாசாமல், தரையோடு காலிலிருந்து காலுக்கு நகர்த்துகிற ஆட்டம். ஒரு கோச் நினைத்தால் என்ன செய்ய முடியும் என்பதை அந்தப் பருவம் எங்களுக்குக் காட்டியது. கோச் மீது கோபப்படுவது மட்டுமே ரசிகனின் வேலை என்று நினைத்திருந்தேன். அந்த ஆண்டு கோபப்பட எதுவுமில்லை.

கோபம் ஆட்டம் முடிந்தபின் வந்தது.

இந்தியச் சாம்பியன் என்றால் அடுத்த ஆண்டு எங்கே ஆட வேண்டும்? பெரும்பாலான நாடுகளின் கால்பந்தை எடுத்துக்கொண்டால் கீழ்ப்படியில் ஜெயித்தவன் மேல்படிக்குப் போவான், மேல்படியில் தோற்றவன் கீழே இறங்குவான். இங்கிலாந்தில், ஜெர்மனியில், ஜப்பானில் எல்லாம் அதுதான் முறை. இங்கே 2014-ல் ஐ.எஸ்.எல். என்று ஒன்றை உண்டாக்கினார்கள். அதில் இடம் ஏலத்தில் கிடைத்தது. சினிமா நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், கம்பெனி முதலாளிகள் அணி எடுத்தார்கள். 2017-ல் இன்னும் இரண்டு இடம் திறந்தபோதும் பணம் கட்டி விண்ணப்பித்தவர்களுக்குத்தான். தோற்றால் இறங்க வேண்டியதில்லை. கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருசம் அதே நாற்காலி. 2019-ல் அதையே நாட்டின் முதல்நிலைப் போட்டி என்று அறிவித்தும் விட்டார்கள். அப்படியாக, அதே ஆண்டு மார்ச்சில் சாம்பியனான எங்கள் அணி, வருசம் முடிவதற்குள் இரண்டாந்தரப் போட்டியில் ஆடுகிற அணி ஆகிப்போனது.

எங்களுக்கு மட்டுமா நடந்தது? மிசோரத்திலிருந்து வந்த ஐசால் 2016-17 பருவத்தில் சாம்பியன். வடகிழக்கிலிருந்து வந்த முதல் சாம்பியன். மலையிலிருந்து இறங்கி வந்து கொல்கத்தா கிளப்புகளைத் தாண்டினார்கள். அவர்களுக்கும் மேலே இடமில்லை. கோகுலம் கேரளா அடுத்தடுத்து இரண்டு முறை, 2021-லும் 2022-லும், வென்றது. இடமில்லை. ஜெயித்து மேலே போன முதல் அணி 2022-23 சாம்பியனான பஞ்சாப். அதற்குள் எங்கள் அணி காலமாகிவிட்டது.

1920 ஜனவரி 31-ல் வந்த 'மூக்நாயக்' முதல் இதழ்த் தலையங்கத்தில் அண்ணல் அம்பேத்கர் இந்து சமூகத்தை ஏணியில்லாத அடுக்குமாடியாகக் காட்டினார். மேடைதோறும் நாம் அதைச் சொல்லி வருகிறோம். கீழ்மாடியில் எவ்வளவு திறமையானவன் பிறந்தாலும் மேலே போக வழியில்லை, மேல்மாடியில் எவ்வளவு உதவாக்கரை பிறந்தாலும் கீழே இறக்க ஆளில்லை. நேரு ஸ்டேடியத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில் இதையெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன் என்று சொன்னால் பொய். அன்றைக்கு நாங்கள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தோம். பிற்பாடு, அணிக்கு மேலே இடமில்லை என்று புரிந்த பிறகுதான் அந்த மாடி எனக்குக் கண்ணில் பட்டது.

என்னோடு கவுன்டரில் உட்காரும் ஒருவர், வயதில் மூத்தவர், நல்லவர்தான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாரத்துக்கு ஒருமுறையாவது தகுதியைப் பற்றிப் பேசுவார். "உங்களச் சொல்லல சார், பொதுவாச் சொல்றேன். கோட்டான்னு வந்துட்டா தெறம அடிபட்டுடுது பாருங்க." அவர் ஆபீசர் தேர்வுக்கு விண்ணப்பம் போடும்போது ராகுகாலம் பார்த்துத்தான் போடுவார். ஐ.எஸ்.எல். ஆட்டங்களை விடாமல் பார்ப்பார். ஒருநாள் கேட்டேன், "ஏன் சார், ஐ-லீக்ல ஜெயிச்சவன ஏன் சார் மேல ஏத்தல?" அவர் சொன்னார்: "அது பிசினஸ் சார். பணம் போட்டவன் எப்படி விட்டுக்குடுப்பான்?" இதுதான் பதில். பணத்தால் வாங்கிய கோட்டா, அப்பன் பெயரால் வந்த கோட்டா, பக்கத்து வீட்டுக்காரன் சிபாரிசால் வந்த கோட்டா, இதெல்லாம் உலக நடப்பு. சட்டத்தால் வந்தது மட்டும் திறமைக்குக் கேடு. கல்லூரியில் இந்தக் கேள்வியை எதிர்கொள்ளும் மாணவத் தோழர்கள் கோயமுத்தூர்க் கதையை மனப்பாடம் செய்துகொள்ளலாம். அவர்களுக்குக் கால்பந்து பிடிக்கும், கேட்பார்கள்.

நம் முன்னோர் இதைக் கிரிக்கெட்டில் பார்த்தவர்கள். பல்வங்கர் பாலு, சாமர் சமூகத்தவர், புனேயில் வெள்ளைக்காரன் கிளப்பில் ஆடுகளம் பராமரிக்கிற வேலையிலிருந்து வந்தவர். 1911-ல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். இந்து அணிக்காரர்கள் அவர் வீசும் பந்தைத் தொட்டார்கள். மைதானத்துக்கு வெளியே அவருக்குத் தனிக் குவளை. தலைமைப் பதவி அவருக்குக் கடைசிவரை இல்லை. 1920-ல் அவரை அணியிலிருந்தே கழற்றிவிட்டபோது தம்பிகள் விட்டலும் சிவராமும் ஆட மாட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். 1923-ல் விட்டல் தலைவரானார். அந்த எழுச்சி இல்லாவிட்டால் திறமை மட்டும் அவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்காது. (அதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளராக அம்பேத்கரையே எதிர்த்து நின்று தோற்றார் என்பதும் உண்மை. நமக்குப் பிடிக்காது என்பதற்காக மறைக்க வேண்டியதில்லை.)

இனி இந்திய அணிக்கு வருகிறேன். அதற்கும் நான் ரசிகன்தான், என்ன செய்வது.

இகோர் ஸ்டிமாச், 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த குரோஷிய அணியின் தடுப்பாட்டக்காரர், 2019 மே முதல் 2024 ஜூன் வரை இந்திய அணியின் கோச். 2023 செப்டம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸ் ஒரு செய்தி வெளியிட்டது. 2022 ஜூனில் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டங்களுக்கு முன்னால் அவர் வீரர்களின் பட்டியலை ஒரு ஜோதிடருக்கு அனுப்பி, யாருக்கு நாள் நன்றாக இருக்கிறது, யாருக்கு இல்லை என்று கேட்டு வாங்கினாராம். ஜோதிடரைக் கோச்சுக்கு அறிமுகம் செய்ததே சங்கத்தின் மேலிடம்தான் என்றும், சங்கப் பணத்திலிருந்து லட்சக்கணக்கில் கட்டணம் போனதாகவும் அதே செய்தி சொன்னது. நன்றாக ஆடிக்கொண்டிருக்கிற பையனை நட்சத்திரம் சரியில்லை என்று பெஞ்சில் உட்கார வைத்தால் அதற்குப் பெயர் என்ன? பிறந்த நேரத்தை வைத்து மனிதனின் இடத்தைத் தீர்மானிப்பது நமக்குப் புதிதா? ஐரோப்பாவிலிருந்து வந்தவரையும் இந்த மண் மூன்றே வருசத்தில் ஜாதகக் கட்டத்துக்குள் இழுத்துவிட்டது பாருங்கள். வீட்டில் கொஞ்ச நேரம் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

கிரகங்கள் கைகொடுத்ததா? 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பை: மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல் இல்லை. மார்ச்சில் குவாஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 1-2. போர் தின்ற நாடு, சொந்த மண்ணில் ஆட வழியில்லாத அணி. ஜூனில் ஸ்டிமாச்சை அனுப்பினார்கள். அடுத்து மனோலோ மார்க்கேஸ். அவர் ஒரே நேரத்தில் எஃப்.சி. கோவாவுக்கும் கோச், நாட்டுக்கும் கோச். எங்கள் கம்பெனிகளில் ஒரு டைலர் இரண்டு இடத்தில் பீஸ் ரேட்டுக்குத் தைத்தால் மேஸ்திரி விடமாட்டார். ஒரு தேசத்தின் அணியைப் பகுதிநேர வேலையாகக் கொடுத்தார்கள். ஓய்வு பெற்றுப் போன சுனில் சேத்ரியை, நாற்பது வயதில், 2025 மார்ச்சில் திரும்பக் கூட்டி வந்தார்கள். அவர் மேல் குறையில்லை. இத்தனை கோடிப் பேரில் அவருக்குப் பிறகு கோல் போட ஒருத்தனை உருவாக்காதவர்கள் மேல்தான் குறை. 2023 ஜூலையில் 99-ஆவது இடத்தில் இருந்த அணி 2025 ஜூலையில் 133. பிறகு காலித் ஜமீல் வந்தார். வெகுநாள் கழித்து ஒரு இந்தியப் பயிற்சியாளர், அதுவும் 2017-ல் அந்த ஐசாலைச் சாம்பியனாக்கிய அதே மனிதர். அவர் வருவதற்குள் வீடு எரிந்து பாதி ஆகிவிட்டது. அக்டோபரில் மட்காவில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கோப்பை வாய்ப்புப் போனது. 2025 நவம்பர் 18-ல் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1.

கோச்சுகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்களே, மாற்றுகிறவர்களை யார் மாற்றுவது? 1988 முதல் 2022 வரை, 34 ஆண்டுகள், அகில இந்தியக் கால்பந்துச் சங்கத்துக்கு இரண்டே தலைவர்கள். பிரிய ரஞ்சன் தாஸ்முன்ஷி, பிறகு பிரபுல் படேல். இருவரும் அரசியல்வாதிகள், மத்திய அமைச்சர்கள். பதவிக்காலம் முடிந்தும் இறங்காத படேலை 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் இறக்கியது. ஆகஸ்டில் ஃபிஃபா இந்தியாவையே சில நாள் தடை செய்தது. அதன்பின் நடந்த தேர்தலில் பாய்ச்சுங் பூட்டியா நின்றார். சிக்கிமின் மலைக்கிராமத்திலிருந்து வந்து இந்திய அணிக்குத் தலைவராக இருந்தவர். கால்பந்தில் அவருக்கு மேல் தகுதி காட்டச் சொன்னால் யாரைக் காட்டுவீர்கள்? வாக்கு: கல்யாண் சௌபே 33, பூட்டியா 1. வென்றவரும் பழைய கோல்கீப்பர்தான், அதை மறுக்கவில்லை. பா.ஜ.க.காரர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பணம் போட்டவர்களாவது ஒழுங்காக நடத்தினார்களா? 2010 டிசம்பரில் 15 ஆண்டுக்கு 700 கோடி ரூபாய் என்று சங்கம் ரிலையன்ஸ் தரப்போடு ஒப்பந்தம் போட்டது. அது முடிகிற நேரம் நெருங்கியும் புதிய ஒப்பந்தம் இல்லாமல் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவத்தையே நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு கிளப் சம்பளத்தை நிறுத்தியது. நம் சென்னையின் எஃப்.சி. முதன்மை அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. ஆர்டர் இல்லை, கம்பெனி மூடல், அடுத்த வாரம் வந்து பார் என்று கேட்டுப் பழகிய ஊர்க்காரன் நான். அந்த அறிக்கைகளைப் படித்தபோது வாசகம்கூட ஒன்றாகத்தான் இருந்தது.

எங்கள் கோயமுத்தூர் அணியின் முதலாளியும் முதலாளிதான். அதை மறந்துவிட்டு அழ வேண்டாம். 2019 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 விழுக்காடு பங்கு வாங்கியபோது இனி எல்லாம் நல்லபடி நடக்கும் என்று நம்பினோம். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்குப் போனார். அக்பர் நவாஸும் போனார். பையன்கள் ஒவ்வொருவராக வேறு அணிக்குப் போனார்கள். கொரோனாவில் 2020-21 பருவம் முழுக்க வங்காளத்தில் நடந்தது. 2021-22 ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வென்று மூன்று வருசம்கூட ஆகவில்லை. ரசிகனுக்கு யாரும் ஒரு வரிகூட எழுதிச் சொல்லவில்லை. அரை நாள் கூலியை விட்டு வந்த கைமடிப் பையன், இப்போது அவன் சிங்கர் டைலர், அடுத்த மேட்ச் எப்பண்ணா என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தான்.

இந்தக் கதையை இப்போது எழுதக் காரணம் வேறு. எங்கள் பையன்கள் ஆடுகிறார்கள். காதர்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கிய ஏற்றுமதிக் கழிவுப் பனியன், ஆளுக்கொரு நிறம். முதுகில் பெயிண்டால் நம்பர். பக்கத்து ஊரில் ஒரு போட்டி அறிவித்தார்கள். நோட்டீசில் 'அனைத்து அணிகளும் வருக' என்றிருந்தது. நுழைவுக் கட்டணம் 1000 ரூபாய். திரட்டிக்கொண்டு போனோம். பெயர் கேட்டார்கள், சொன்னோம். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், அதையும் சொன்னோம். உடனே "பதினாறு டீம் ஆயிடுச்சே தம்பி" என்றார் மேசையில் இருந்தவர். அன்று மாலை இன்னொரு அணியின் பெயரை எழுதிக்கொண்டார்கள் என்று அங்கே டீக்கடை வைத்திருப்பவரே சொன்னார். பையன்கள் கல்லெடுக்கவில்லை. சிங்கர் டைலர் மட்டும் கேட்டான்: "ஏண்ணா, அப்போ ஜெயிச்ச டீம மேல ஏத்தலைன்னு சொன்னீங்க. இப்ப ஆடவே விடமாட்டேங்கறாங்களேண்ணா?"

நோட்டீசை வைத்திருக்கிறேன். கட்டணம் கொண்டுபோன இரண்டு பேரும், டீக்கடைக்காரரும் எழுதித்தரச் சம்மதித்திருக்கிறார்கள். மனுவாகக் கொடுப்பதா, அதே மைதானத்தின் வாசலில் போட்டி நாளன்று பந்தோடு போய் நிற்பதா என்று தோழர்களிடையே இரண்டு கருத்து இருக்கிறது. நான் இரண்டாவது கட்சி. பையன்களும் இரண்டாவது கட்சிதான், ஆனால் அவர்களுக்குச் சம்பளம் பிடிப்பார்கள், எனக்குப் பிடிக்க மாட்டார்கள். ஆகவே முடிவு அவர்களுடையதாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் கூடுகிறோம். முதலில் ஆட்டம், பிறகு பேச்சு. திருப்பூர், கோவைத் தோழர்கள் வரலாம். கல்லூரி மாணவர்களில் கோல்கீப்பர் யாராவது இருந்தால் கட்டாயம் வரவும், எங்கள் கீப்பருக்கு நைட் ஷிப்ட். தண்ணீர் கையோடு கொண்டு வாருங்கள், அங்கே குழாய் இல்லை.